யோஹானான்: ஒரு பெயரின் பொருளும் அதன் பயணமும்

தமிழில் விவிலியம் வாசிக்கும் ஒருவர், எரேமியாவின் ஆகமத்தில் யோகனான் என்றொரு படைத்தலைவனைச் சந்திக்கிறார். நற்செய்தி நூல்களுக்கு வரும்போது யோவான் என்ற பெயரில் வேறு இருவரைச் சந்திக்கிறார். அவர் கையில் இருப்பது பழைய கத்தோலிக்க மொழிபெயர்ப்பு என்றால், அந்த இருவரும் அங்கே அருளப்பர் என்று அழைக்கப்படுவர். வீரமாமுனிவரின் தேம்பாவணியைத் திறந்தால், அவர்களுள் மூத்தவர் கருணையன் ஆகிவிடுகிறார். திருக்குர்ஆனின் தமிழாக்கத்தில் அவரே யஹ்யா. இவற்றுள் முதல் நான்கும் ஒரே எபிரேயப் பெயரின் தமிழ் வடிவங்கள். ஐந்தாவதைப் பற்றிப் பின்னர்ப் பார்ப்போம். ஒரு பெயர் ஒரே மொழிக்குள் இத்தனை உருவங்களில் உலவுவதற்குக் காரணம், அது தமிழுக்கு ஒரே வழியில் வந்து சேரவில்லை என்பதுதான். சில வழிகளில் அதன் ஒலி வந்தது. சில வழிகளில் அதன் பொருள் வந்தது. அந்த வழிகளைப் பின்னோக்கி நடந்து, பெயரின் பிறப்பிடம்வரை சென்று திரும்புவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மூலப்பெயர் யோஹானான். இது யெஹோஹானான் என்னும் நீண்ட வடிவத்தின் சுருக்கம். நம் இலக்கணச் சொற்களில் கூறினால், இது எழுவாயும் பயனிலையும் கொண்ட ஒரு முழு வாக்கியம். எழுவாய் 'யெஹோ'. எபிரேயரின் இறைவனைக் குறிக்கும் நான்கெழுத்துத் திருப்பெயரின் சுருங்கிய வடிவம் அது. பயனிலை 'ஹானான்', முற்றுப்பெற்ற செயலைக் குறிக்கும் வினைமுற்று; படர்க்கை ஆண்பால் ஒருமை. ஆக, பெயரின் பொருள் 'யாவே அருளினார்' என்பது.

பண்டை எபிரேயப் பெயர்களுள் மிகப் பல இத்தகைய வாக்கியங்களே. யோனத்தான் என்றால் 'யாவே தந்தார்'. சகரியா என்றால் 'யாவே நினைவுகூர்ந்தார்'. இறைப்பெயர் முன்னால் வரும்போது யெஹோ, யோ என்றும், பின்னால் வரும்போது யாஹு, யா என்றும் உருக்கொள்ளும். ஆகவே யோஹானானும் அனனியாவும் ஒரே இரு உறுப்புகள் இடம் மாறி அமைந்த இரட்டைப் பெயர்கள். இரண்டுக்கும் பொருள் ஒன்றே. இறைப்பெயருக்குப் பதிலாகக் கடவுள் என்னும் பொதுச்சொல்லான 'ஏல்' வந்தால் எல்கானான். வேர்ச்சொல் மட்டும் பெண்பாற்பெயராக நின்றால் அன்னாள். மகப்பேறின்றி அழுது மன்றாடிச் சாமுவேலைப் பெற்ற தாயின் பெயர் அது. அது கிரேக்கத்தில் அன்னா ஆகி, தமிழ்க் கத்தோலிக்க இல்லங்களில் அன்னம்மாள் ஆயிற்று. அன்னை, அன்னம் என்னும் நம் சொற்களோடு அது எத்தனை இயல்பாகக் கலந்துவிட்டது என்றால், அதை வேற்றுமொழிப் பெயர் என்று நினைப்பாரே இன்று அரிது.

இக்குடும்பத்தில் எதிர்பாராத உறவினர் ஒருவரும் உண்டு. கி.மு. 218இல் யானைகளோடு ஆல்ப்ஸ் மலையைக் கடந்து ரோமாபுரியை நடுங்க வைத்த கார்த்தேஜ் நகரத் தளபதி ஹன்னிபால்தான் அவர். கார்த்தேஜின் மொழி, எபிரேயத்துக்கு மிக நெருங்கிய பினீசியத்தின் ஒரு கிளை. ஹன்னிபால் என்ற பெயரில் இருப்பதும் அதே 'ஹனன்' வேர்தான். அருளியவர் மட்டும் பாகால் தெய்வம். விவிலியத்தின் தீர்க்கதரிசிகள் ஓயாது எதிர்த்த பாகாலின் அடியாரும், அவர்களைப் போலவே, பிறந்த குழந்தையைக் கையில் ஏந்தி 'எம் இறைவன் அருளினான்' என்றே சொல்லியிருக்கிறார்கள். சமயங்கள் பகைத்து நின்ற காலத்திலும் பெற்றோரின் மொழி ஒன்றாகவே இருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா?

'ஹனன்' என்ற வினையின் உட்பொருளையும் இங்கே கருத வேண்டும். அது சமமானவர்களிடையே நிகழும் கொடுக்கல் வாங்கலைக் குறிப்பதில்லை. கொடுக்கக் கடமை இல்லாதவர், கேட்க உரிமை இல்லாதவரை நோக்கிக் குனிந்து செய்யும் தயவையே அது குறிக்கும். எண்ணாகமத்தில் ஆரோனின் ஆசிமொழியில் வரும் வினை இதுவே. நோவாவுக்கு ஆண்டவரின் கண்களில் கிடைத்ததாக ஆதியாகமம் சொல்லும் கிருபை, இவ்வேரில் பிறந்த 'ஹேன்' என்ற பெயர்ச்சொல். அதிலிருந்து 'ஹின்னாம்' என்றொரு வினையடையும் கிளைத்தது. அதற்கு 'விலையின்றி' என்று பொருள். 'காரணமின்றி' என்றும் பொருள். யோபுவின் நூல் இந்த இரட்டைப் பொருளின்மேல்தான் நிற்கிறது. யோபு கடவுளுக்கு அஞ்சி நடப்பது சும்மாவா என்று சாத்தான் கேட்கும் இடத்திலும், யோபு காரணமின்றித் துன்புறுத்தப்பட்டதை ஆண்டவரே ஒப்புக்கொள்ளும் இடத்திலும் அந்த ஒரே சொல் வருகிறது. காரணமின்றி வரும் அருளுக்கும் காரணமின்றி வரும் துயருக்கும் எபிரேயத்தில் வேர் ஒன்றே. இப்பெயரைத் தாங்கியவர்களின் வரலாற்றைப் பார்க்கும்போது இந்த உண்மை மீண்டும் மீண்டும் நம் எதிரே வந்து நிற்கும்.

*

எரேமியாவின் நூலில் வரும் யோகனான், கரேயாவின் மகன். கி.மு. 586ஐ ஒட்டி எருசலேம் பாபிலோனியரிடம் வீழ்ந்தபின், எஞ்சிய மக்களை ஆள மிஸ்பாவில் கெதலியா என்பவர் அமர்த்தப்பட்டார். அவரைக் கொல்ல இஸ்மவேல் என்பவன் வருகிறான் என்று முன்கூட்டி எச்சரித்தவன் இந்த யோகனான். கெதலியா நம்பவில்லை, கொல்லப்பட்டார். சிறைப்பட்ட மக்களை மீட்ட யோகனான், பாபிலோனின் பழிவாங்கலுக்கு அஞ்சி என்ன செய்வது என்று எரேமியாவைக் கேட்டான். பத்து நாள் கழித்து வந்த விடை, 'இந்நாட்டிலேயே இருங்கள்' என்பது. அவ்விடையை அவனும் மற்றத் தலைவர்களும் ஏற்கவில்லை. மக்களோடு எரேமியாவையும் எகிப்துக்குக் கொண்டுபோனார்கள். அருளைப் பெயரில் சுமந்தவன், அதை நம்பித் தன் மண்ணில் தங்க அஞ்சினான் என்பது இக்கதையின் கசப்பு.

ஏறத்தாழ நூற்றெண்பது ஆண்டுகளுக்குப் பின், அதே எகிப்தில் மற்றொரு யெஹோஹானானின் பெயர் எழுதப்பட்டது. நைல் நதியில் அஸ்வானுக்கு அருகிலுள்ள எலிபன்டைன் தீவில் யூதப் படைவீரர் குடியிருப்பு ஒன்று இருந்தது. அவர்களுக்கு அங்கே சொந்தமாக ஒரு கோயிலும் இருந்தது. கி.மு. 410இல் அது இடிக்கப்பட்டது. அதை மீண்டும் எழுப்ப உதவி வேண்டி, கி.மு. 407இல் அவர்கள் யூதேயாவின் ஆளுநருக்கு அரமேய மொழியில் எழுதிய விண்ணப்பத்தின் படிகள் பாப்பிரஸ் ஏடுகளில் நமக்குக் கிடைத்திருக்கின்றன. எருசலேமின் தலைமைக் குரு யெஹோஹானானுக்கும் முன்பே எழுதினோம், அவரிடமிருந்து விடை எதுவும் வரவில்லை என்று அதில் அவர்கள் முறையிடுகிறார்கள். இறைவன் அருளினார் என்று பெயர் கொண்டவர், அதே இறைவனின் இடிந்த கோயிலுக்காக எழுதப்பட்ட கடிதத்துக்கு மறுமொழி தரவில்லை. பெயர்கள் பெற்றோரின் நம்பிக்கையைச் சொல்கின்றன. பிள்ளைகளின் நடத்தைக்கு அவை பொறுப்பேற்பதில்லை.

கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் இப்பெயருக்குப் புதிய மதிப்பு பிறந்தது. கிரேக்க அரசுக்கு எதிராகக் கி.மு. 167ஐ ஒட்டிக் கிளர்ந்தெழுந்த மத்தத்தியாவின் தந்தை பெயர் யோஹானான். மத்தத்தியாவின் மூத்த மகன் பெயரும் அதுவே. மற்ற மக்கள் சீமோன், யூதா, எலெயாசர், யோனத்தான். மத்தத்தியாவின் பேரன் யோஹானான் ஹிர்கானஸ் கி.மு. 134 முதல் 104 வரை யூதேயாவை ஆண்டான். 'யெஹோஹானான், தலைமைக் குரு' என்று பழைய எபிரேய எழுத்தில் பொறித்த சிறு வெண்கலக் காசுகள் இன்றும் அகழ்வாய்வுகளில் கிடைக்கின்றன. இவன் காலத்தில்தான் சமாரியரின் கெரிசீம் மலைக்கோயில் அழிக்கப்பட்டது. இதுமேயர் வற்புறுத்தி யூத சமயத்துக்கு மாற்றப்பட்டனர். எனினும் விடுதலை வீரரின் குடும்பப் பெயர்கள் மக்களிடையே பரவின. அக்காலக் கல்வெட்டுகள், எலும்புப் பேழைகள், ஏடுகள் ஆகியவற்றிலுள்ள ஆண்பெயர்களைத் தொகுத்து ஆராய்ந்தவர்கள், சீமோன், யோசேப்பு, எலெயாசர், யூதா என்பவற்றை அடுத்து ஐந்தாம் இடத்தை யோஹானானுக்குத் தருகிறார்கள். நம் ஊர்களில் ஒரு தலைமுறை முழுவதும் காந்தி, நேரு, சுபாஷ் என்று பிள்ளைகளுக்குப் பெயரிட்டது போன்ற வழக்கம் அது.

*

இப்பெயர் உலகப் பெயரானதற்குக் காரணம் லூக்கா நற்செய்தியின் முதல் அதிகாரம். முதிர்ந்த குரு சகரியாவுக்கும் மனைவி எலிசபெத்துக்கும் பிள்ளை இல்லை. பிள்ளை பிறக்கும், யோவான் என்று பெயரிடு என்று வானதூதர் சொல்ல, நம்பாத சகரியா பேச்சிழக்கிறார். எட்டாம் நாள் உறவினர் கூடித் தந்தையின் பெயரையே இட முனைகின்றனர். தாய் மறுக்கிறாள். உன் உறவில் யாருக்கும் இப்பெயர் இல்லையே என்கிறார்கள். தந்தை ஓர் எழுதுபலகையை வாங்கி அவன் பெயர் யோவான் என்று எழுதுகிறார். உடனே அவர் நா அவிழ்கிறது. நாட்டில் மலிந்த பெயர்தான். ஆனால் அக்குடும்பத்துக்குப் புதியது. பெயர் வைக்கும் உரிமை குலத்துக்கா, கொடுத்தவனுக்கா என்பதே அங்கு நிகழும் வழக்கு.

லூக்கா கிரேக்கத்தில் எழுதியவர். யோவான் என்பதன் பொருளை அவர் எங்கும் விளக்கவில்லை. ஆயினும் நா அவிழ்ந்த சகரியா பாடும் பாடலில் ஒரு நுட்பம் இருப்பதை உரையாசிரியர் சிலர் சுட்டியிருக்கிறார்கள். முன்னோருக்கு இரக்கம் காட்டியது, உடன்படிக்கையை நினைவுகூர்ந்தது, ஆபிரகாமுக்கு ஆணையிட்டது என்று மூன்று செயல்கள் அதில் அடுத்தடுத்து வருகின்றன. இரக்கம் யோஹானான், நினைவு சகரியா, எலிசபெத் என்ற பெயரில் இருப்பதோ ஆணை என்னும் சொல். மகன், தந்தை, தாய் மூவரின் பெயர்ப்பொருளும் அப்படியே வரிசையில் நிற்கின்றன. கிரேக்க உரைக்கு அடியில் ஓர் எபிரேயச் செவி விழித்திருந்தது என்று கருத இது இடம் தருகிறது.

திருக்குர்ஆனின் 19ஆம் அத்தியாயத்திலும் இந்த நிகழ்வு வருகிறது. இப்பெயர் முன்னர் எவருக்கும் இடப்படாதது என்று அங்கே சொல்லப்படுகிறது. அரபுக் கிறித்தவர் யுஹன்னா என்று வழங்க, குர்ஆன் யஹ்யா என்கிறது. இவ்வடிவம் எவ்வாறு அமைந்தது என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் அதே அத்தியாயத்தில் யஹ்யாவுக்கு இறைவன் தன்னிடமிருந்து வழங்கியவற்றுள் முதலாவதாகச் சொல்லப்படுவது 'ஹனான்', அதாவது பரிவு. எபிரேயப் பெயரின் வேரும் அதுவே. பெயரின் உருவம் மாறிய இடத்திலும் அதன் பொருள் அருகிலேயே வந்து அமர்ந்திருக்கிறது.

*

கி.பி. 70இல் எருசலேம் கோயில் ரோமரால் அழிந்தபோது, அந்நகரின் வரலாற்றில் இரு யோஹானான்கள் எதிரெதிரே நின்றனர். ஒருவர் கிஸ்காலா ஊரினர்; நகருக்குள் கிளர்ச்சிப் படையின் தலைவர்களுள் ஒருவர். கடைசிவரை போரிட்டுப் பிடிபட்டு ஆயுள்சிறை பெற்றார் என்று வரலாற்றாசிரியர் யோசேபஸ் எழுதுகிறார். மற்றவர் யோஹானான் பென் சக்காய். முற்றுகையிட்ட நகரிலிருந்து பிணம்போல் சவப்பெட்டியில் கிடந்து, சீடர்கள் தூக்கிவர வெளியேறினார் என்று யூத மரபு கூறும். ரோமத் தளபதி வெஸ்பாசியனிடம் அவர் வேண்டியது யாப்னே என்ற சிற்றூரையும் அதன் கல்விமான்களையும் மட்டுமே. கோயிலின் இடிபாடு கண்டு சீடர் ஒருவர் அழுதபோது, பலிக்கு ஈடான வேறொன்று நம்மிடம் இருக்கிறது, அது அன்புச் செயல் என்று அவர் தேற்றியதாகவும் அம்மரபு சொல்கிறது. கோயிலற்ற யூத சமயம் பிழைத்திருப்பதற்கு வித்திட்டவராக அவரே போற்றப்படுகிறார். தன் பெயரின் பொருளை வாழ்வால் எழுதியவர் என்று அவரை நாம் சொல்லலாம்.

எழுதப்பட்ட வரலாற்றில் இடம்பெறாத யெஹோஹானான் ஒருவனும் உண்டு. 1968இல் எருசலேமின் கிவாத் ஹமிவ்தார் பகுதியில், கட்டுமானப் பணியின்போது வெளிப்பட்ட குகைக் கல்லறைகளைத் தொல்லியலாளர் வசிலியோஸ் சாபெரிஸ் ஆராய்ந்தார். உடல் மக்கியபின் எலும்புகளைப் பொறுக்கிச் சுண்ணக்கல் பேழையில் இடுவது அக்கால யூத வழக்கம். அங்கிருந்த ஒரு பேழைக்குள் இருபதுகளின் நடுவில் இருந்த ஓர் ஆணின் எலும்புகள் கிடந்தன. அவனது வலக் குதிகாலெலும்பில் ஏறத்தாழ 11.5 சென்டிமீட்டர் நீளமுள்ள இரும்பாணி ஒன்று பாய்ந்து நின்றது. ஆணியின் முனை வளைந்திருந்ததால் அதைப் பிடுங்க இயலாமல் எலும்போடு சேர்த்தே அடக்கம் செய்திருக்கிறார்கள். ரோமர் ஆயிரக்கணக்கானோரைச் சிலுவையில் அறைந்ததை நூல்கள் சொல்கின்றன; ஆனால் அக்கொடுமைக்கு மண்ணிலிருந்து கிடைத்த முதல் உடற்சான்று இதுதான்.

பேழையின் மேல் அவன் பெயர் கீறப்பட்டிருக்கிறது: யெஹோஹானான். தந்தையின் பெயரை எப்படி வாசிப்பது என்பதில் அறிஞர் வேறுபடுகின்றனர். மகனின் பெயரிலோ ஐயமில்லை. அவன் என்ன குற்றம் செய்தான், குற்றம் செய்தானா என்பதற்கெல்லாம் எந்தக் குறிப்பும் இல்லை. 'யாவே அருளினார்' என்ற வாக்கியமும், அதன் உள்ளே ஓர் ஆணியும் மட்டுமே நம்மிடம் இருக்கின்றன. ஹின்னாம் என்ற சொல்லின் இரு பொருள்களும் ஒரே கற்பேழையில் அடங்கியதுபோல் இருக்கிறது.

*

கிரேக்கத்துக்குள் நுழைந்தபோது பெயர் தன் உயிர்நாடியான எழுத்தை இழந்தது. சொல்லின் நடுவே வரும் எபிரேய 'ஹ' ஒலியை எழுதக் கிரேக்கத்தில் எழுத்தில்லை. யோஹானான், யோவான்னேஸ் ஆயிற்று. லத்தீன் ஏட்டெழுத்தாளர் யோஹன்னெஸ் என்று ஒரு 'ஹ'வைச் செருகினர். அங்கிருந்து கிளைகள் பல: பிரெஞ்சில் ழான், இத்தாலியத்தில் ஜியோவான்னி, ஸ்பானியத்தில் ஹுவான், போர்த்துக்கேயத்தில் ழுவான், ஜெர்மானியத்தில் யோகான், ஹான்ஸ், ரஷியத்தில் இவான், அயர்லாந்தில் ஷான், ஸ்காட்லாந்தில் இயன், ஆங்கிலத்தில் ஜான். ஜான்சனும் இவானோவும் ஒருவகையில் ஒரே வீட்டுப் பிள்ளைகள். ஆனால் இவர்களில் யாரும் தம் பெயருக்குள் ஒரு வினைமுற்று இருப்பதை உணர்வதில்லை. ஆங்கிலச் சட்டவழக்கிலோ, பெயர் தெரியாத ஆளுக்கு இடும் பெயராகவே ஜான் டோ அமைந்துவிட்டது. அமெரிக்காவில் அடையாளம் தெரியாத சடலத்துக்கும் அதே பெயர்தான். வாக்கியமாகப் பிறந்தது வெற்றிடத்தை நிரப்பும் ஒலியாக முடிந்தது.

கிழக்கு நோக்கிப் போன கிளை வேறுவிதம். கிரேக்கத்தைத் தொடாமல், எபிரேயத்தின் உறவுமொழியான சிரியாக்கின் வழியே சென்றதால் அங்கே 'ஹ' காக்கப்பட்டது. கேரளத்துச் சிரியக் கிறித்தவரிடையே இன்றும் யோஹன்னான் என்ற பெயர் வழங்குகிறது. அதுவே உலஹன்னான் என்றும் திரிந்தது. ஐரோப்பா தொலைத்த எழுத்து மலையாளக் கரையில் பத்திரமாக இருந்தது.

தமிழுக்கு வந்த யோவான் கிரேக்க வழியினது. ஓகாரத்துக்கும் ஆகாரத்துக்கும் இடையே நாம் இயல்பாக ஒலிக்கும் வகர உடம்படுமெய் அதன் நடுவே நிற்கிறது. 'ஹ' இருந்த இடத்தில் 'வ' குடியேறிவிட்டது. பழைய ஏற்பாடு எபிரேயத்திலிருந்து பெயர்க்கப்பட்டதால் அங்கே யோகனான். புதிய ஏற்பாடு கிரேக்கத்திலிருந்து பெயர்க்கப்பட்டதால் இங்கே யோவான். இரண்டும் ஒன்றென்று அறியாமலே பல தலைமுறைகள் வாசித்து வந்திருக்கின்றன.

கத்தோலிக்க மரபு வேறொரு முடிவை எடுத்தது. அது ஒலியை விட்டுப் பொருளைப் பெயர்த்தது. பவுல் என்ற லத்தீன் பெயருக்குச் 'சிறியவர்' என்று பொருளாகையால் சின்னப்பர், ஸ்தேவானுக்குக் கிரேக்கத்தில் 'முடி' என்று பொருளாகையால் முடியப்பர், யோவான் அருளப்பர். ழுவான் தெ பிரித்தோ என்ற போர்த்துக்கேயத் துறவி தமிழ்நாட்டில் அருளானந்தர் ஆனார். 1693இல் ஓரியூரில் கொல்லப்பட்ட அவர் அப்பெயராலேயே நினைக்கப்படுகிறார். வீரமாமுனிவர் தேம்பாவணியில் யோசேப்பை வளன் என்றும், திருமுழுக்கு யோவானைக் கருணையன் என்றும் அழைத்தார். எலிசபெத் இறந்து தனித்து நிற்கும் கருணையனின் புலம்பலைப் பள்ளிப் பாடமாகப் படித்த மாணவர் பலர், அப்பெயர் ஒரு மொழிபெயர்ப்பு என்பதை அறிந்திருக்க மாட்டார்கள்.

அருள் என்ற தேர்வின் பொருத்தத்தை எண்ணி நாம் வியக்கலாம். அருளை அன்பு பெற்ற குழந்தையாகக் காண்பவர் வள்ளுவர். தொடர்புடையாரிடம் செல்வது அன்பு, தொடர்பில்லாரிடமும் செல்வது அருள் என்று உரையாசிரியர்கள் பிரித்துக் காட்டுவர். உரிமை இல்லாதவரை நோக்கிக் குனியும் 'ஹனன்' என்ற வினைக்கு இதைவிட நெருங்கிய சொல் பிற மொழிகளில் கிடைப்பது அரிது. ஐரோப்பிய மொழிகள் பலவும் ஒலியை மட்டும் ஏந்திச்சென்ற பெயர், தமிழில் தன் பொருளைத் திரும்பப் பெற்றது.

1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பில் சபைகளின் ஒற்றுமை கருதி யோவான் என்ற வடிவம் ஏற்கப்பட்டது. அதன் நியாயத்தை நாம் மறுக்கவில்லை. ஒரே நூலை வாசிப்போர் ஒரே பெயரைச் சொல்வது நல்லதே. ஆனால் அதற்குரிய விலையையும் கணக்கில் கொள்ள வேண்டும். அருளப்பன் என்று பெயரிடப்பட்ட முதியவர்களின் பேரர்கள் இன்று ஜான் என்று அழைக்கப்படுகிறார்கள். பொருள் விளங்கிய பெயர் போய், பொருள் மறைந்த பெயர் வருகிறது. விவிலியத்தில் யோவான் இருக்கட்டும். வீட்டிலும் ஊரிலும் அருளப்பனும் கருணையனும் வழங்கட்டும் என்பதே நம் விருப்பம். அவை வெறும் தமிழாக்கங்கள் என்று கருதி ஒதுக்கத் தக்கவை அல்ல. மூலப்பெயர் எதைச் சொல்லப் பிறந்ததோ அதை இன்றும் சொல்லிக்கொண்டிருப்பவை அவை.

பெயரின் வினை முற்றுப்பெற்ற ஒன்று என்பதை இறுதியாக மீண்டும் நினைவுகூர்வோம். 'அருள்வார்' என்றோ 'அருள்க' என்றோ பெற்றோர் பெயரிடவில்லை. 'அருளினார்' என்றே பெயரிட்டனர். பிள்ளை இனி எப்படி வாழும், எப்படிச் சாகும் என்பது அவர்களுக்குத் தெரியாது. அது பிறந்துவிட்டது; அந்த அளவில் அருள் நிகழ்ந்து முடிந்தது. ஆணி பாய்ந்த எலும்புகளைப் பொறுக்கிப் பேழையில் இட்ட உறவினர்களும் அதைத் திருத்தவில்லை. சுருங்கிய வடிவம் வழக்கில் இருந்தும், யெஹோஹானான் என்று முழுப்பெயரையும் அந்தக் கல்லில் எழுதி வைத்தார்கள்.